வெயிலுக்கும் உடம்புக்கும் ஒரே அளவுகோல்

சித்திரை பிறந்துவிட்டால் தமிழ் நாளிதழ்களில் ஒரு சிறு கட்டம் நாள்தோறும் இடம்பிடிக்கும். எந்த ஊரில் எத்தனை டிகிரி வெயில் என்ற பட்டியல் அது. வேலூர், திருத்தணி, ஈரோடு, கரூர் பரமத்தி ஆகிய பெயர்களோடு சேலமும் அதில் இருக்கும். சேர்வராயன் மலை, நகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை என்று சுற்றிலும் குன்றுகள் நிற்க, நடுவே கிண்ணம் போலக் கிடக்கிறது சேலம். அதற்குத் தெற்கே காவிரிக் கரை வரை விரிகிறது நாமக்கல் சமவெளி. இரண்டுக்கும் கடற்காற்று எட்டுவதில்லை. அதனால் அந்தக் கட்டத்தில் 100, 102, 104 என்று எண் ஏறிக்கொண்டே போகும். வானிலை ஆய்வு மையம் செல்சியஸில் அளப்பதை நாளிதழ்கள் பாரன்ஹீட்டுக்கு மாற்றித் தருகின்றன. காய்ச்சலையும் நம் வீடுகளில் பாரன்ஹீட்டில்தான் சொல்கிறோம். அறியாமலே நாம் வானத்தையும் உடம்பையும் ஒரே கோலால் அளந்து வருகிறோம். ஒருவர் "நூத்தி நாலு" என்று சொன்னால், வெயிலைச் சொல்கிறாரா காய்ச்சலைச் சொல்கிறாரா என்பதைப் பேச்சின் போக்கை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்த ஒற்றுமைக்குள் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. வெளிக்காற்றில் 104 டிகிரி என்பது சேலத்துக் கோடையில் புதுமையல்லாத பிற்பகல். உடம்புக்குள் 104 டிகிரி என்பது உயிருக்கே ஆபத்தான நிலையாக இருக்கலாம். உடல் வெப்பத்தை அளக்கும் கலை வளர்ந்த ஊர்கள் ஜெர்மனியின் லைப்சிக், இங்கிலாந்தின் லீட்ஸ் போன்றவை. அங்கே ஏறத்தாழ ஆண்டு முழுவதும் காற்று மனித உடலைவிடக் குளிர்ந்திருக்கும். வெப்பமானி எப்போதும் குளிரிலிருந்து தொடங்கி மேலே ஏறும். நம் சமவெளியிலோ ஆண்டில் சில வாரங்கள் காற்று உடம்பைவிடச் சூடாக இருக்கிறது. குளிர்நாட்டில் பிறந்த அளவு முறையைக் கத்திரி வெயிலில் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றினால் எண் பொய் சொல்லும். இந்த அத்தியாயத்தின் வாதம் இதுதான்: நோயாளியின் உடல் வெப்பம் என்று ஒரு எண்ணைத் தனியாகச் சொல்வதில் பாதிப் பொருள்கூட இல்லை. உடம்பின் எந்த இடத்தில், எந்தக் கருவியால், எந்த நேரத்தில் அளந்தது, இதற்கு முன் எவ்வளவு இருந்தது என்ற நான்கும் சேர்ந்தால்தான் அது அளவு ஆகும். அந்த நான்கையும் சேர்த்து எழுதுபவர் செவிலியர். அவர் செய்வது எழுத்தர் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். அது அறிவியல் வேலை.

முதலில் உடம்பு தன் வெப்பத்தை எப்படிக் காக்கிறது என்று பார்ப்போம். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் ஏறத்தாழ ஒரு பழைய 100 வாட் குண்டு பல்பு அளவுக்கு வெப்பத்தை வெளியிட்டுக்கொண்டே இருக்கிறார். காற்று தோலைவிடக் குளிர்ந்திருக்கும்வரை அந்த வெப்பம் தானாக வெளியேறும். காற்று 104 டிகிரியைத் தொடும்போது இந்த ஓட்டம் திசை மாறி, வெளியிலிருந்து வெப்பம் உள்ளே வரத் தொடங்கும். அப்போது எஞ்சியிருக்கும் ஒரே வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்லும். சேலத்து வறண்ட காற்றில் வியர்வை வேகமாக உலர்வதால்தான், வெயிலின் எண் கடற்கரை ஊர்களைவிடக் கூடுதலாக இருந்தும் இங்கே மனிதர்களால் வேலை செய்ய முடிகிறது. நாமக்கல்லின் முட்டைக்கோழிகளுக்கு இந்த வசதி இல்லை. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அலகைத் திறந்து இரைத்துத்தான் அது வெப்பத்தைத் தள்ளும். அதனால்தான் கோடையில் பண்ணைக் கொட்டகைகளின் கூரைமேல் தண்ணீர் தெளிக்கிறார்கள். அந்தக் கோழியின் இயல்பான உடல் வெப்பம் 106 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். அந்த அளவில் அது நலமாக முட்டையிடுகிறது. அதே 106 டிகிரியில் அதற்குத் தீனி போடும் மனிதர் நினைவிழந்து கிடக்கக்கூடும்.

மனித உடம்பிலும் வெப்பம் ஒரே சீராக இல்லை. மூளை, இதயம், ஈரல், குடல் ஆகியவை அடங்கிய உள்பகுதி ஒரு வெப்பத்தில் இருக்கும். தோலும் கைகால்களும் அடங்கிய வெளிப்பகுதி வேறு வெப்பத்தில் இருக்கும். உள்பகுதியை ஏறத்தாழ நிலையாக வைத்திருப்பதற்காக வெளிப்பகுதியை உடம்பு விட்டுக்கொடுக்கிறது. குளிரில் தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்கும், வெயிலில் விரியும். நோயாளியைப் பற்றி நமக்குத் தெரிய வேண்டியது உள்பகுதியின் வெப்பம். ஆனால் நம் கை எட்டுவது பெரும்பாலும் வெளிப்பகுதியைத்தான். நாக்குக்கு அடியில் வைத்தால் உள்வெப்பத்துக்கு ஓரளவு பக்கத்தில் போகலாம். ஆனால் சூடான டீயோ மோரோ குடித்திருந்தால் குறைந்தது 15 நிமிடம் காத்திருக்க வேண்டும். வாயால் மூச்சு விடுபவருக்கும், நினைவு தடுமாறியவருக்கும், சிறு குழந்தைக்கும் இது சரிப்படாது. அக்குள் பாதுகாப்பானது, ஆனால் உள்வெப்பத்தைவிட ஏறத்தாழ ஒரு டிகிரி குறைத்துக் காட்டும். வியர்வையைத் துடைக்காமலோ கையை உடம்போடு ஒட்டவைக்காமலோ அளந்தால் இன்னும் குறையும். மலக்குடல் அளவுதான் உள்வெப்பத்துக்கு மிகப் பக்கம்; கூச்சமும் சிரமமும் அதிலேதான் அதிகம். ஆக, "100 டிகிரி" என்று மட்டும் எழுதினால், அக்குளில் 100 இருந்ததா மலக்குடலில் 100 இருந்ததா என்பது தெரியாது. முன்னது கவனிக்க வேண்டிய காய்ச்சல், பின்னது மாலை நேரத்தில் நலமாக இருப்பவருக்கே வரக்கூடிய அளவு.

கொரோனா காலத்தில் வாசல்தோறும் நெற்றிக்கு நேரே நீட்டப்பட்ட கருவி இந்தச் சிக்கலைக் கண்ணெதிரே காட்டியது. அந்தக் கருவி உடம்புக்குள் எதையும் அனுப்புவதில்லை. வெப்பமான எந்தப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை வெளியிடும். நெற்றித் தோல் வெளியிடும் அந்தக் கதிரைக் கருவி வாங்கி அளக்கிறது. பிறகு, நெற்றி இவ்வளவு என்றால் உள்ளே இவ்வளவு இருக்கும் என்று ஒரு கணக்கைக் கூட்டித் திரையில் காட்டுகிறது. அந்தக் கணக்கு மிதமான சூழலை எண்ணிப் போடப்பட்டது. இவ்வகைக் கருவிகள் பலவற்றுக்குப் பொருத்தமான சூழல் வெப்பம் 16 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை என்றுதான் வகுக்கப்பட்டிருக்கிறது. மே மாதப் பிற்பகலில் சேலத்து வாசல் அந்த எல்லையிலேயே நிற்கிறது. இரு சக்கர வண்டியில் வெயிலில் வந்திறங்கியவரின் நெற்றி, காய்ச்சல் இல்லாமலே சுடும். வியர்த்து வந்தவரின் நெற்றி, காய்ச்சல் இருந்தும் குளிர்ந்திருக்கும். நோயாளியை நிழலில் கால் மணி நேரமாவது உட்காரவைத்து, நெற்றியைத் துடைத்து உலரவிட்டு, பிறகு அளந்தால் இதே கருவி உருப்படியான செய்தி தரும். குறை கருவியுடையது மட்டும் அல்ல. கருவி எந்தச் சூழலுக்காகச் செய்யப்பட்டதோ அதை உருவாக்கித் தராமல் அளப்பதும் குறைதான்.

பாதரச வெப்பமானியில் இதே சிக்கல் வேறு வடிவில் வரும். அதன் குமிழுக்கும் தண்டுக்கும் இடையில் ஒரு நுண்ணிய இடுக்கு உண்டு. சூடேறும்போது பாதரசம் அந்த இடுக்கைத் தாண்டி மேலே போகும். குளிரும்போது அங்கே அறுபட்டு, ஏறிய இடத்திலேயே நிற்கும். அதனால்தான் அக்குளிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்து நிதானமாகப் படிக்க முடிகிறது, மறுபடி அளக்குமுன் உதற வேண்டியிருக்கிறது. இப்போது அறை 102 டிகிரியில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தகரக் கூரையும் சிமெண்ட் ஷீட்டும் போட்ட வீடுகளில் இது நடக்கக்கூடியதே. எவ்வளவு உதறினாலும் பாதரசம் 102க்குக் கீழே இறங்காது, ஏனென்றால் குமிழே அந்தச் சூட்டில் இருக்கிறது. அதை 98 டிகிரி உள்ள உடம்பில் வைத்தால், குமிழில் உள்ள பாதரசம் சுருங்கும். தண்டில் உள்ளது 102லேயே நிற்கும். காய்ச்சல் இல்லாதவருக்கு 102 டிகிரி காய்ச்சல் பிறந்துவிடும். தொட்ட அதிகபட்ச வெப்பத்தைப் பிடித்துவைக்கும் மின்னணு வெப்பமானிகளிலும் இந்த ஆபத்து உண்டு. தீர்வு எளியது. பானைத் தண்ணீரில் முக்கி, உதறி, துடைத்து, உடனே வைக்க வேண்டும். ஆனால் இந்தத் தீர்வு தோன்ற வேண்டுமானால், கருவி எப்படி வேலை செய்கிறது என்பது அளப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்தப் பாதரசக் கருவிக்குத் தமிழ்நாட்டில் ஒரு துயரமான வரலாறும் இருக்கிறது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் வாட்டர்டவுன் என்ற ஊரில் இருந்த வெப்பமானித் தொழிற்சாலை 1980களின் தொடக்கத்தில் கொடைக்கானலுக்குக் கொண்டுவரப்பட்டது. பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடிகள் ஊருக்குள் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடந்தது 2001இல் வெளியே தெரிந்தது. மக்கள் போராட்டத்துக்குப் பின் அந்த ஆண்டே ஆலை மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது 2016இல்தான். உலக அளவில் 2013இல் ஏற்கப்பட்ட மினமாட்டா உடன்படிக்கை, பாதரச வெப்பமானிகளை உற்பத்தி செய்வதை 2020க்குள் நிறுத்தச் சொன்னது. இந்தியா 2018இல் அதை உறுதி செய்தது. நோயாளியின் நலத்துக்காகச் செய்த கருவி அதைச் செய்த தொழிலாளியின் நலத்தைக் கெடுக்கக் கூடாது என்பதால் இந்த மாற்றம் தேவையானது. ஆனால் மாற்றம் ஒரு புதிய கடமையையும் கொண்டுவந்தது. பாதரசத்தின் அளவுக்கோடுகள் கண்ணாடியில் பொறித்தவை. ஆண்டுகள் கடந்தாலும் அதிகம் பிசகாது. மின்னணுக் கருவி, வெப்பத்துக்கேற்ப மாறும் மின்தடையை வைத்துக் கணக்கிடுகிறது. அதன் மின்கலம் தளரும், அளவு மெல்ல விலகும். ஒரு வார்டில் இருக்கும் இரண்டு கருவிகளை ஒருவர்மேல் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பதும், ஒரு நோயாளிக்கு முடிந்தவரை ஒரே கருவியைப் பயன்படுத்துவதும் இதனால்தான் முக்கியம்.

இடமும் கருவியும் ஆயின, இனி நேரம். இயல்பான உடல் வெப்பம் 98.6 டிகிரி, அதாவது 37 டிகிரி செல்சியஸ் என்று பள்ளியில் படித்தோம். லைப்சிக் நகரில் கார்ல் வுண்டர்லிக் என்ற மருத்துவர் சுமார் 25,000 நோயாளிகளின் அக்குளில் அளந்து 1868இல் வெளியிட்ட நூலிலிருந்து வந்த எண் அது. அவருடைய வெப்பமானி ஏறத்தாழ ஒரு சாண் நீளம். ஒருமுறை அளக்கக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். லீட்ஸ் நகர மருத்துவர் கிளிஃபர்ட் ஆல்பட் 1860களில்தான் சட்டைப்பையில் அடங்கும் குட்டி வெப்பமானியை உருவாக்கினார். 1992இல் அமெரிக்காவில் பிலிப் மக்கோவியாக்கும் அவர் குழுவினரும் நலமாக இருந்த 148 பேரின் வாயில் 700 முறை அளந்து பார்த்தார்கள். சராசரி 98.2 டிகிரியாக இருந்தது. சராசரியைவிட முக்கியமான செய்தி ஒன்றும் அதில் இருந்தது. நலமான உடம்பின் மேல் எல்லை காலை ஆறு மணிக்கு 98.9, மாலை நான்கு மணிக்கு 99.9. ஒரே மனிதர், ஒரே நாள், ஒரு டிகிரி வித்தியாசம். விடியற்காலையில் 99.5 இருந்தால் ஏதோ இருக்கிறது என்று பொருள். மாலையில் அதே 99.5 ஒன்றுமில்லாமல் போகலாம். மாதவிடாய்ச் சுழற்சியின் பின்பாதியில் பெண்ணுடலின் வெப்பம் சற்று ஏறும். வயதானவர்களுக்கு அடிப்படை அளவே குறைவு. நேரத்தையும் ஆளையும் எழுதாமல் எண்ணை மட்டும் எழுதினால் இவை எல்லாம் உதிர்ந்துபோகும்.

வுண்டர்லிக்கை 98.6 என்ற எண்ணுக்காக நினைவில் வைத்திருப்பது அவருக்குச் செய்யும் அநீதி. அவர் விட்டுச்சென்ற பெரிய சொத்து வரைகோடு. நாளுக்குப் பலமுறை அளந்து, புள்ளிகளை இணைத்து, நோயின் போக்கைக் கண்ணால் பார்க்கும்படி செய்தார். அதற்கு முன் காய்ச்சல் என்பதே ஒரு நோயாகக் கருதப்பட்டது. அந்தக் கோடுகளுக்குப் பிறகு அது வெவ்வேறு நோய்களின் அடையாளமாயிற்று. நம் மொழியும் இதைத் தனக்குரிய வழியில் அறிந்திருந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் வருவதை முறைக்காய்ச்சல் என்றார்கள். மலேரியாக் கிருமி ரத்தச் சிவப்பணுக்களில் பெருகி அவற்றை உடைத்து வெளிவரும் 48 மணி நேரச் சுழற்சிதான் அந்த 'முறை'. டைபாய்டில் காய்ச்சல் நாளுக்கு நாள் படிப்படியாக ஏறும். காசநோயில் மாலைதோறும் மெல்ல எட்டிப் பார்த்து, இரவில் வியர்த்து இறங்கும். இவற்றை ஒரு தடவை அளந்து யாராலும் பிரித்தறிய முடியாது. மருத்துவமனைக் கட்டிலின் காலடியில் தொங்கும் டி.பி.ஆர். சார்ட், அதாவது வெப்பம், நாடி, மூச்சு மூன்றையும் நேரப்படி குறிக்கும் தாள், அந்த லைப்சிக் கோட்டின் நேர் வாரிசு. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு செவிலியர் அதில் இடும் புள்ளி தனித்து ஒன்றும் சொல்லாது; முந்தைய புள்ளியோடு இணையும்போது பேசும்.

இந்தச் சமவெளி அந்தப் பேச்சைக் கவனித்துக் கேட்க வேண்டிய காரணம் டெங்கு. 2017இல் தமிழ்நாட்டில் அரசுக் கணக்கின்படியே 23,000க்கும் மேற்பட்டவர்களுக்கு டெங்கு வந்தது. அந்த ஆண்டு கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் சேலமும் ஒன்று. டெங்குவின் கொடுமை அதன் காய்ச்சலில் இல்லை. இரண்டு மூன்று நாள் 103, 104 என்று கொதித்த உடம்பு, மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையே குளிரத் தொடங்கும். 'காய்ச்சல் விட்டுடுச்சு' என்று வீட்டில் நிம்மதி பிறக்கும். ஆபத்துக் காலம் தொடங்குவதும் அந்த நேரத்தில்தான். நுண்ணிய ரத்தக்குழாய்களின் சுவர் கசிந்து, ரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியேறும். ரத்தம் கெட்டிப்பட்டு அழுத்தம் சரியும். இந்தக் கசிவு பொதுவாக 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். அதற்குள் சரியான அளவு நீர் ஏற்றிக் கவனித்தால் பெரும்பாலோர் பிழைப்பார்கள். கவனிக்க வேண்டிய நேரம் எது என்பதை 98.4 என்ற எண் சொல்லாது. நலமானவரும் 98.4, அதிர்ச்சி நிலைக்குள் நுழைபவரும் 98.4. நேற்று 103, இன்று காலை 100, இப்போது 98.4, நாடி மட்டும் ஏறுகிறது என்று அந்தத் தாள்தான் சொல்லும். எண் இயல்புக்குத் திரும்பும் நேரத்தில் எச்சரிக்கையாகும் செவிலியர், வயிற்று வலி உண்டா, வாந்தி நிற்கவில்லையா, சிறுநீர் எப்போது போனது, ஈறில் ரத்தம் கசிகிறதா என்று கேட்கத் தொடங்குவார். ஓர் உயிரைக் காக்கும் கேள்விகள் ஒரு கோட்டின் சரிவிலிருந்து பிறக்கின்றன.

கோடை மருத்துவம் இதற்கு நேரெதிரான பாடத்தைச் சொல்கிறது. செங்கல் சூளையில், ஜவ்வரிசி காயும் சிமெண்ட் களத்தில், திருச்செங்கோட்டிலிருந்து புறப்பட்ட ஆழ்துளைக் கிணற்று ரிக் வண்டியில், விசைத்தறிக் கொட்டகையில் வேலை செய்யும் ஒருவர் மயங்கி விழுந்தார் என்று வைத்துக்கொள்வோம். உடம்பு கொதிக்கிறது, பேச்சு குழறுகிறது. காய்ச்சலில் உடம்பு சுடுவதும் இதுவும் ஒன்றல்ல. காய்ச்சலில், நோய்த்தொற்றை எதிர்க்கும் வேதிச் செய்திகள் மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் புரோஸ்டாகிளாண்டினைப் பெருக்கி, 'இன்றைக்கு 103இல் வை' என்று உடம்பின் இலக்கையே உயர்த்துகின்றன. அதனால்தான் காய்ச்சல் ஏறும்போது குளிர் நடுக்கம் வருகிறது. பாராசிட்டமால் அந்த இலக்கைக் கீழே இறக்குகிறது. வெப்பத்தாக்கில் இலக்கு மாறவே இல்லை. உடம்பு 98இல் இருக்கத்தான் முயல்கிறது; வெப்பத்தைத் தள்ள முடியாமல் தோற்கிறது. அங்கே பாராசிட்டமாலுக்கு வேலை இல்லை. உள்வெப்பம் 104ஐத் தாண்டி நினைவும் தடுமாறினால் அது வெப்பத்தாக்கு. முதல் வேலை குளிர்விப்பது: நீரில் அமிழ்த்தி, அல்லது உடம்பெங்கும் நனைத்து விசிறி, அரை மணி நேரத்துக்குள் வெப்பத்தை 102க்குக் கீழே கொண்டுவரப் பார்க்க வேண்டும். இந்த நோயாளியிடம் நெற்றியும் அக்குளும் ஏமாற்றும். வியர்வையிலும் ஊற்றிய தண்ணீரிலும் தோல் குளிர்ந்து கிடக்க, உள்ளே 106 எரிந்துகொண்டிருக்கலாம். மற்ற நாட்களில் கூச்சம் கருதித் தவிர்க்கும் மலக்குடல் அளவு இங்கே உயிர் காக்கும் அளவாகிறது.

இந்த ஓர் அளவுக்கு மருத்துவத்தைத் தாண்டிய எடையும் உண்டு. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது; வெப்பத்தால் இறந்தவரின் குடும்பத்துக்கு நான்கு லட்ச ரூபாய் உதவித்தொகை என்பதும் அதில் அடக்கம். ஆனால் வெப்பத்தால் நேர்ந்த மரணம் உடம்பில் தனித் தழும்பு எதையும் விட்டுச் செல்வதில்லை. மாரடைப்பு என்றோ காரணம் தெரியாத மயக்கம் என்றோ அது பதிவாகிவிடக்கூடும். கொண்டுவந்த உடனே அளந்த உள்வெப்பமும், அளந்த நேரமும், அளந்த இடமும் முதன்மையான சான்றுகளில் சேரும். குளிர்வித்த பிறகோ இறந்து நேரம் கழித்தோ அந்தச் சான்றைத் திரும்பப் பெற முடியாது. வெயிலில் உழைத்து விழுந்தவரின் குடும்பத்துக்குச் சேர வேண்டிய நியாயம், அவசரப் பிரிவில் ஒரு செவிலியர் முதல் ஐந்து நிமிடத்தில் எழுதும் ஒரு வரியைச் சார்ந்திருக்கலாம். அந்த வரிகள் மாவட்டம் முழுவதும் சேர்ந்தால்தான், வெப்பம் எத்தனை பேரைக் கொல்கிறது என்ற உண்மையும் வெளிவரும்.

உயர்வை மட்டும் பேசினால் படம் பாதிதான். பிரிட்டனில் நோயாளியின் நிலை சரிவதை முன்கூட்டியே அறியப் பயன்படும் மதிப்பெண் முறையில், உடல் வெப்பம் 39.1 டிகிரி செல்சியஸும் அதற்கு மேலும் இருந்தால் இரண்டு மதிப்பெண். 35ஓ அதற்குக் கீழோ போனால் மூன்று. அதாவது கொதிக்கும் உடம்பைவிடக் குளிரும் உடம்பு அதிக அச்சத்துக்கு உரியது. முதியவருக்குக் கடுமையான தொற்று இருக்கும்போது காய்ச்சலே வராமல் உடம்பு சில்லிடலாம். பிறந்த குழந்தைக்கு 36.5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போவதையே குளிர்ச்சி என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது; 32க்குக் கீழே என்றால் கடும் ஆபத்து. வெயில் ஊரில் குழந்தைக்கு எப்படிக் குளிரும் என்று தோன்றலாம். ஈரம் துடைக்காத, எடை குறைந்த பச்சிளம் உடம்பு மின்விசிறியின் கீழே சில நிமிடங்களில் வெப்பத்தை இழக்கும். கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1978இல் மருத்துவர் எட்கர் ரே தொடங்கிய கங்காரு பராமரிப்பு, தாயின் மார்போடு குழந்தையைத் தோலோடு தோலாக அணைத்துவைக்கும் எளிய முறை. அது இன்று நம் அரசு மருத்துவமனைகளிலும் பரவியிருக்கிறது. அங்கே தாயின் உடல் வெப்பமே மருந்து.

இனி எழக்கூடிய மறுப்புகளைப் பார்ப்போம். முதல் மறுப்பு பாட்டிமாரிடமிருந்து வரும்: புறங்கையை நெற்றியில் வைத்தாலே தெரியுமே, கருவி எதற்கு? இதில் உண்மை இருக்கிறது. தாய்மார் தொட்டுப் பார்ப்பதை வெப்பமானியோடு ஒப்பிட்ட ஆய்வுகளில், உண்மையில் காய்ச்சல் உள்ள குழந்தையை அவர்கள் தவறவிடுவது குறைவு என்று தெரிகிறது. ஆனால் காய்ச்சல் இல்லாத குழந்தைக்கும் இருப்பதாகச் சொல்வது அதிகம். தாய் "சுடலை" என்றால் பெரும்பாலும் நம்பலாம்; "சுடுது" என்றால் அளந்து பார்க்க வேண்டும். பயிற்சியால் கையும் கருவியாகும். பச்சிளம் குழந்தையின் வயிற்றையும் பாதத்தையும் தொட்டு, இரண்டும் வெதுவெதுப்பாக இருந்தால் நலம், பாதம் மட்டும் குளிர்ந்தால் குளிர் தாக்கத் தொடங்கிவிட்டது, இரண்டும் குளிர்ந்தால் ஆபத்து என்று செவிலியர்களுக்கே கற்றுத் தருகிறார்கள். இந்தச் சோதனையின் வலிமை, இரண்டு இடங்களை ஒப்பிடுவதில் இருக்கிறது. கையானாலும் கருவியானாலும் ஒப்பீடுதான் அறிவைத் தருகிறது.

இரண்டாவது மறுப்பு: உள்காய்ச்சல் வெப்பமானியில் தெரியாதே? மருத்துவப் படிப்பு இந்தச் சொல்லை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் சொல்பவர் உணர்வது பொய்யல்ல. காய்ச்சல் ஏறும் கட்டத்தில் தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்கிக் கைகால் சில்லிடும். அப்போது அக்குளில் அளந்தால் இயல்பான எண்ணே வரலாம். உள்ளே வெப்பம் ஏறிக்கொண்டிருக்கும். மாலையில் மட்டும் வரும் இளங்காய்ச்சலைக் காலையில் அளந்தால் அகப்படாது. "உள்ளுக்குள்ளே காயுது" என்று ஒருவர் சொன்னால், இடத்தை மாற்றி அளந்து பார், நேரத்தை மாற்றி அளந்து பார் என்றுதான் அதற்குப் பொருள். மூன்று நாள் மாலையிலும் அளந்து, ஏறவே இல்லை என்று கண்டால், சோர்வுக்கு வேறு காரணத்தைத் தேட வேண்டும். நோயாளியின் சொல்லும் அந்தத் தாளில் ஒரு பதிவாக இடம்பெற வேண்டியதே.

மூன்றாவது மறுப்பு அறிவியலிலிருந்தே வருகிறது: ஒற்றை எண்ணே போதுமான நேரங்களும் உண்டல்லவா? உண்டு. மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்கு 100.4 டிகிரி இருந்தால் அடுத்த அளவுக்குக் காத்திருக்கக் கூடாது. புற்றுநோய் மருந்தால் வெள்ளணு குறைந்தவருக்கு 101 ஒருமுறை தொட்டாலே கிருமிக்கொல்லி மருந்து தொடங்க வேண்டும். ஆனால் இந்த இடங்களில் எண் தனியாக நிற்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அது யாருடைய உடம்பு, அந்த உடம்பின் காவல் எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்ற முன்கதையோடு சேர்ந்தே அது கட்டளையாகிறது. பிற குழந்தைகளிடம் இதே எண்ணைக் கண்டு பதறி, மருந்துமேல் மருந்து கொடுப்பதும் தவறு. மிதமான காய்ச்சல் கிருமியை எதிர்க்க உடம்பு எடுக்கும் நடவடிக்கை. குழந்தை பால் குடிக்கிறதா, கண் விழித்துப் பார்க்கிறதா, சிறுநீர் போகிறதா என்பவை எண்ணைவிடப் பெரிய செய்திகள்.

நான்காவது மறுப்பு நடைமுறை சார்ந்தது; அதுதான் கனமானது. ஒரு செவிலியர் எத்தனை கட்டில்களைப் பார்ப்பார்? எல்லோருக்கும் இடம், நேரம், கருவி என்று எழுதிக்கொண்டிருக்க முடியுமா? தானாக அளந்து பதியும் இயந்திரங்கள் வந்துவிட்டனவே? ஆள் பற்றாக்குறை உண்மைதான். ஆனால் அது அளவைத் தரம் தாழ்த்தக் காரணமாகாது. ஆளைக் கூட்டுவதற்குத்தான் காரணம். இடத்தை ஓர் எழுத்தால் குறிக்கலாம், நேரத்துக்குத் தாளிலேயே கட்டம் இருக்கிறது. கூடுதல் உழைப்பு சில விநாடிதான். இயந்திரம் பதிவதை வரவேற்க வேண்டும். ஆனால் பட்டை தோலிலிருந்து நழுவியதையும், நோயாளி இப்போதுதான் வெந்நீர் குடித்ததையும், போர்வையை இழுத்து மூடிக்கொண்டு நடுங்குவதையும் இயந்திரம் எழுதாது. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையின் பெரிய வார்டானாலும், ராசிபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு துணை சுகாதார நிலையத்துக் கிராம செவிலியரின் பையானாலும், எண்ணுக்குப் பொருள் கொடுப்பது அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதர்தான்.

நாளிதழின் வெயில் கட்டத்துக்கு மறுபடி வருவோம். அதில் வரும் எண்ணை நாம் நம்புகிறோம். வானிலை மையத்தின் வெப்பமானி வெயிலில் வைக்கப்படுவதில்லை. 1860களில் தாமஸ் ஸ்டீவன்சன் வடிவமைத்த, பக்கங்களில் சாய்வுப் பலகைகள் கொண்ட வெள்ளைப் பெட்டிக்குள், தரையிலிருந்து ஏறத்தாழ நான்கடி உயரத்தில், நிழலும் காற்றோட்டமுமாக அது இருக்கும். காலை எட்டரை, மாலை ஐந்தரை என்று குறித்த நேரத்தில் படிக்கிறார்கள். அங்கே உச்ச வெப்பத்தைப் பிடிக்கும் பாதரசக் கருவியிலும் காய்ச்சல் வெப்பமானியில் இருக்கும் அதே நுண்ணிய இடுக்கு உண்டு. படித்தபின் அதையும் உதறிவைக்க வேண்டும். ஒவ்வொரு எண்ணையும் முந்தைய ஆண்டுகளின் வரிசையில் வைத்துத்தான் இயல்புக்கு மேலா கீழா என்று சொல்கிறார்கள். இடம், கருவி, நேரம், முந்தைய அளவு ஆகிய நான்கும் வானத்துக்குக் கிடைக்கின்றன. அதனால்தான் சேலத்தில் 104 என்றால் அதற்குப் பொருள் இருக்கிறது. அந்த வெயிலின் கீழே படுத்திருக்கும் ஒரு நோயாளியின் 104க்கும் அதே மரியாதையைக் கொடுக்கச் சொல்வது அதிகமான கோரிக்கை அல்ல. கட்டிலருகே நின்று, வியர்வையைத் துடைத்து, காத்திருந்து, அளந்து, நேரத்தோடு எழுதி, முந்தைய புள்ளியைத் திரும்பிப் பார்க்கும் செவிலியர் அதைத்தான் செய்கிறார்.